நான்காம் கூண்டு நாயின் நகங்கள்

ரொட்டிக்கடையில் ரொட்டி வாங்கும்போது மேவிஸ் ஆப்பிள்யார்ட் அதைக் கையில் வைத்து எடை பார்ப்பார். பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். எடை எப்போதும் சரியாகத்தான் இருக்கும். மேவிஸின் சந்தேகமே அதில்தான். இருபது வருடமாக ஒரு தடவைகூடத் தப்பு செய்யாத மனுஷன் எங்கேயோ எதையோ மறைக்கிறான் என்பார். பாதிரியார் கை குலுக்கினால் குலுக்கிய கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். தன் கல்யாணத்தன்று மோதிரத்தைக் கடித்துப் பார்த்தார் என்று என் அம்மா சொல்வாள். அம்மா அங்கே போகவில்லை. ஆனாலும் ஊரில் யாரும் இதை மறுத்ததில்லை. மேவிஸும் மறுத்ததில்லை.

அவர் பார்த்த வேலை அப்படி. ஸ்கெல்பி நாய்ப் பந்தயத் திடலில் முப்பத்திரண்டு வருடமாக நாய்களின் அடையாளம் பார்த்து உள்ளே விடுகிறவர் அவர்தான். பந்தய நாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புத்தகம் உண்டு. நிறம், காதில் பச்சை குத்திய எழுத்து, எந்தக் காலில் எந்த விரலின் நகம் கறுப்பு, எது வெள்ளை என்பதுவரை அதில் இருக்கும். பந்தயத்துக்கு முன் நாயை மேசைமேல் ஏற்றி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, எல்லாம் பொருந்தினால் கையெழுத்து. பொருந்தாவிட்டால் வந்திருப்பது வேறு நாய். மந்தமான நாயின் பெயரில் வேகமான நாயை எவனோ கொண்டுவந்திருக்கிறான்.

1991-ல் லென் கார்பட் என்பவன் அப்படித்தான் கொண்டுவந்தான். புத்தகத்தில் கறுப்பு என்றிருந்த ஒரு நகம் அவன் நாய்க்கு வெள்ளை. பூட் பாலிஷ் தடவிக் கறுப்பாக்கியிருந்தான். மேவிஸ் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்த நகத்தைத் தேய்த்தார். விரல் கறுப்பானது, கார்பட்டின் முகம் வெளுத்தது. இனி நாட்டில் எந்தப் பந்தயத் திடலின் வாசலையும் அவன் ஆயுசுக்கும் மிதிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

அந்தக் காலத்தில் வியாழனும் சனியும் நாலாயிரம் பேர் வருவார்களாம். சுரங்க வேலை முடிந்து முகம் கழுவியும் கழுவாமலும் ஓடி வருவார்களாம். எங்கள் அம்மா நடத்தும் டீக்கடையில் அப்போது ஒன்பது பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இப்போது அம்மாவும் மகள் நானும்தான். பள்ளிக்கூடம் என்னை வேண்டாம் என்று சொன்னதால்தான் கணக்கு இரண்டாகிறது.

இப்போதும் பந்தயம் நடக்கிறது. செவ்வாயும் வியாழனும் காலை பதினோரு மணிக்குப் பன்னிரண்டு ஓட்டம். ஓட்டத்துக்கு ஆறு நாய், எண் போட்ட ஆறு கூண்டுகளிலிருந்து பாயும். ஆனால் அது யாரும் வந்து பார்ப்பதற்கு இல்லை. நாடு முழுக்கப் பந்தயம் கட்டும் கடைகளில் மாட்டியிருக்கும் டிவிகளுக்காக நடக்கிறது. சனிக்கிழமை மாலைப் பந்தயத்தைப் போன வருடம் நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சனிக்கிழமைக்கு வந்தவர்கள் பதினேழு பேர். அதில் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இருந்தாலும் ஒலிபெருக்கி ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் காலி நாற்காலிகளைப் பார்த்து, பெரியோர்களே தாய்மார்களே என்று கூப்பிடும். புறாக்கள் நிமிர்ந்து பார்க்கும்.

மேவிஸுக்கு இது பிடிக்கவில்லை. கூட்டம் போனதில் அவருக்கு வருத்தம் என்று நினைத்தால் தப்பு. அவர் கவலை வேறு. "நாலாயிரம் பேர் இருந்தப்போ நாலாயிரம் பேரும் சந்தேகப்பட்டாங்க," என்று அம்மாவிடம் ஒரு நாள் சொன்னார். "நாய் கால் இடறினாக்கூட, ஏன்டா இடறுச்சுன்னு கேக்க ஆள் இருந்துச்சு. இப்போ அத்தன பேரு சந்தேகத்தையும் நான் ஒருத்தியே படணும். முடியுமா சொல்லு."

முடியாதுதான். ஏனென்றால் அவருக்குக் கண் தெரியவில்லை.

இது அவர் யாரிடமும் சொல்லாதது. எனக்குத் தெரிந்தது ஒரு குறும்பினால். பிப்ரவரியில் பொழுது போகாமல் ஆறு பழைய கோட்டுகளுக்குள் செய்தித்தாளைத் திணித்து, தொப்பி வைத்து, பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தேன். நாலாவது பொம்மைக்குக் கையில் சிப்ஸ் பொட்டலம்கூடக் கொடுத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மேவிஸ் மட்டும் விடுவிடுவென்று படியேறிப் போய், முதல் பொம்மையின் எதிரே நின்று, டிக்கெட்டைக் காட்டும்படி கேட்டார். இரண்டு தடவை கேட்டார். மேவிஸ் எப்பேர்ப்பட்ட கிண்டல்காரர் என்று அதற்கும் சிரித்தார்கள். நான் அவர் கையைப் பார்த்தேன். பொம்மையின் தோளைத் தொட்டதும் அந்தக் கை சூடு பட்டதுபோலப் பின்வாங்கியது. அவர் கிண்டல் செய்யவில்லை.

அதற்கப்புறம் கவனித்தேன். டீக் கோப்பையைத் தடவி எடுத்தார். என் அம்மாவைக் குரல் கேட்ட பிறகே பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் பால் படர்ந்தது தெரியும். விஷயம் வெளியே வந்தால் அன்றைக்கே உரிமம் போய்விடும். நாய்களின் காதையும் நகத்தையும் தவிர அவருக்கு வேறு பிழைப்பும் இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். இப்போது நாய்களின் கழுத்தில் தோலுக்கு அடியில் ஒரு சில்லு வைக்கிறார்கள். ஸ்கேனரைக் காட்டினால் பீப் என்று சத்தம் வரும். எண் சின்னதாகத் திரையில் வரும். அந்த எண்ணைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். மேவிஸ் பீப் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். உலகத்தில் எவனையும் நம்பாத பொம்பளை ஒரு சத்தத்தை நம்பினார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை நல்ல குணம் என்று எழுதிவிட வேண்டாம். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பொம்மைகளுக்குக் கோட்டு எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்வையாளர் வரிசையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சாம்பல் நிறக் கோட்டு, தொப்பி, அசையவில்லை. மேனேஜர் கிளைவ் ஓல்ட்ராய்ட் என் காதைப் பிடித்துத் திருகி, அதைப் போய் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் வைக்கவில்லை என்று சொன்னதை அவர் நம்பவில்லை. மேலே போய்த் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். அந்த ஆள் திரும்பி, டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.

டிக்கெட் வாங்கி வந்திருந்தான். ஏழு மாதத்தில் விற்ற முதல் டிக்கெட். வாசலில் இருந்த பெண்ணுக்கு டிக்கெட் கட்டு எங்கே இருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம் ஆனதாம்.

வியாழனும் வந்தான். அடுத்த செவ்வாயும். பந்தயம் கட்டவில்லை, கத்தவில்லை. மூன்றாவது திருப்பத்துக்கு நேரே ஒரே நாற்காலி. நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினான். ஒரு திடலில் ஓர் ஆள் வந்து பந்தயம் பார்க்கிறான் என்பது எங்கள் ஒருவருக்கும் தாங்க முடியாத விஷயமாகிவிட்டது. கட்டடம் கட்டுகிறவர்கள் அனுப்பிய ஆள், இடத்தை அளக்கிறான் என்று அம்மா சொன்னாள். நாய்கள் துரத்துகிற பொம்மை முயலை ஓட்டுகிறவர், அவன் வருமான வரிக்காரன் என்று சொல்லி ஒரு வாரம் லீவு போட்டார். டிவிக்குப் படம் சில நொடி தாமதமாகத்தான் போகும். இவன் முடிவை முந்திக்கொண்டு எவனுக்கோ போனில் சொல்கிறான் என்பது ஓல்ட்ராய்டின் பயம். அப்படியென்றால் டிவி கம்பெனி காலைப் பந்தயங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடும். நான் மட்டும், அவன் நாய்ப் பந்தயம் பார்க்க வந்திருக்கலாம் என்று சொன்னேன். குறும்புக்கு ஓர் அளவு வேண்டும் என்று என்னைத் திட்டினார்கள்.

ஓல்ட்ராய்ட் மேவிஸிடம் பொறுப்பைக் கொடுத்தார். உங்கள் கண்ணிலிருந்து எவன் தப்ப முடியும் என்று சொன்னார். மேவிஸுக்கு அந்த ஆள் ஒரு சாம்பல் நிறத் திட்டாகத்தான் தெரிந்திருப்பான். அவர் மனதில் இருந்தது வேறு பயம் என்று எனக்குத் தெரியும்: அவரையே சோதிக்க மேலிடத்திலிருந்து வந்த ஆளாக இருந்தால்?

ஐந்தாவது ஓட்டம் முடிந்ததும் போய் அவனுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். நான் மேசை துடைக்கும் துணியோடு பின்வரிசைக்குப் போனேன். அங்கே மேசை கிடையாது.

மேவிஸ் நேராகப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். வானிலை, பஸ், டீயின் ருசி. அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். ஆறாவது ஓட்டம் ஓடியது. ஆறு நாய்கள் திருப்பத்தில் மண் தெறிக்கப் போயின. அவன் அப்போதுதான் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் சொன்னான். மேவிஸ் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

"குரல் மட்டும் மாறல," என்றார். "மத்ததெல்லாம் கிழமாயிருக்கும்னு நெனைக்கறேன். லென் கார்பட்."

"கிழம்தான், ஆப்பிள்யார்டம்மா. வாசல்ல என்னைப் பாத்தே கண்டுபுடிச்சுடுவீங்கன்னு பயந்தேன். நீங்க ரெண்டு தடவ என்னைத் தாண்டிப் போனீங்க. ஒரு தடவ நான் தொப்பிய வேற தூக்கினேன்."

"ஆயுசுத் தடை உனக்கு. உள்ளயே வரக் கூடாது. யாரு அனுப்பிச்சா?"

"யாரும் அனுப்பல. பொண்டாட்டி போயிட்டா. வீட்டுல சும்மா உக்காந்து சுவரப் பாக்கறதுக்குப் பதிலா இதப் பாக்கறேன்."

"பொய்."

"சரி, பொய்யின்னே வெச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். டாரன் ஸ்பிங்க் கொண்டாருவானே கறுப்புப் பெட்டை, செவ்வாய்க்கிழமை நாலாம் கூண்டுல ஓடுறது. மார்ச்ல டிவியில பாத்தப்ப அது திருப்பத்துல வெளிப்பக்கமா அகலமா போகும். இப்ப உள்ளோரம் ஒட்டிக்கிட்டுப் போவுது. மூணு வாரமா ஜெயிக்குது. நாய் வேகத்த மாத்திக்கும். திருப்பத்த மாத்திக்காது."

"ஸ்கேனர் சரின்னுச்சு."

கார்பட் நோட்டுப் புத்தகத்தை மூடினான். பிறகு மெதுவாக, கேலி இல்லாமல் கேட்டான்: "நகத்தப் பாத்தீங்களாம்மா?"

மேவிஸ் எழுந்து, கைப்பிடியைத் தடவியபடி படி இறங்கிப் போய்விட்டார். ஓல்ட்ராய்ட் கேட்டதற்கு, இன்னும் முடிவு தெரியவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே குழப்பம். ஏமாற்றுக்காரன் ஒருவன் இன்னொருவனை ஏமாற்றுக்காரன் என்கிறான். பழைய பகைக்குப் பழி வாங்கக் கதை கட்டுகிறானோ? மேவிஸ் அந்தப் பேச்சை நம்பி ஸ்பிங்க்கின் நாயை நிறுத்தி, அது சரியான நாயாக இருந்துவிட்டால், ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். கண் விவகாரம் வெளியே வந்துவிடும். நிறுத்தாவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பார்க்கத்தான் ஆளே இல்லையே. மேவிஸ் சும்மா இருந்தால் சாகும்வரை அந்த வேலையில் இருக்கலாம். நான் அவராக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். மூன்று நாள் லீவு போட்டுவிட்டுக் கண்ணுக்கு மருந்து போட்டிருப்பேன்.

அடுத்த செவ்வாய் காலை பத்து மணி. அடையாளம் பார்க்கும் அறையில் நாய்கள் வரிசையாக வந்தன. நான் ஓல்ட்ராய்டுக்கு டீயோடு போயிருந்தேன். ஸ்பிங்க் தன் கறுப்புப் பெட்டையை மேசைமேல் ஏற்றினான். சிரித்த முகம், எல்லாருக்கும் மிட்டாய் கொடுக்கிற ஆள். மேவிஸ் ஸ்கேனரைக் காட்டினார். பீப் சத்தம் வந்தது. ஸ்பிங்க் நாயை இறக்கக் கை நீட்டினான்.

மேவிஸ் நாயின் முன்னங்காலை விடவில்லை. அதைத் தன் மூக்குவரை தூக்கினார். நாய் அவர் நெற்றியை நக்கியது. விரல் விரலாகத் தடவினார். நகத்தின் நிறத்தைத் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. அது அவருக்கும் தெரியும், தடவிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. பிறகு காலை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"கிளைவ்," என்றார், "எனக்குக் கண்ணு தெரியல. கிறிஸ்துமஸ்ல இருந்தே தெரியல. இந்த நாய் எதுன்னு எனக்குத் தெரியாது."

ஓல்ட்ராய்ட் டீயைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. விளையாடாதீர்கள், டிவிக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்தான் இருக்கிறது என்று ஏதேதோ சொன்னார். பீப் வந்துவிட்டதே, அது போதும் என்று ஸ்பிங்க் சொன்னான். நகம் படிக்கத் தெரிந்த வேறு ஆள் அந்த அறையில் யாருமே இல்லை. ஸ்கேனர் வந்ததிலிருந்து யாரும் கற்றுக்கொள்ளவில்லை. எது முதல் விரல், எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்றுகூட ஓல்ட்ராய்டுக்குத் தெரியவில்லை.

மேவிஸ் என் பக்கம் திரும்பினார். நான் அதுவரை வாய் திறக்கவில்லை; ஆனாலும் நான் இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. "மேல உக்காந்திருக்கானே, அவனக் கூப்பிடு," என்றார். "பொம்மை வெக்கிறப்ப மட்டும் வேகமா ஓடத் தெரியுதுல்ல."

கார்பட் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை என்று அவனே சொன்னான். மேவிஸ் அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அதற்காக அவனை நம்பிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பிங்க்கின் நாயை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, வரிசையில் பின்னால் இருந்த மஃபின் என்ற செம்பழுப்பு நாயை மேசைமேல் ஏற்றினார். ஐந்து வருடமாக ஓடுகிற கிழட்டு நாய். அதன் பதினாறு நகமும் அவருக்கு மனப்பாடம்.

"படி," என்றார்.

கார்பட் மண்டியிட்டுப் படித்தான். இடது முன்னங்கால்: வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. மேவிஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது முன்னங்கால், இடது பின்னங்கால் என்று போய், கடைசிக் காலில் நிறுத்தினான்.

"மூணாவது வெள்ளைன்னா நம்புவீங்களா?"

"கறுப்பு."

"கறுப்புதான். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன். நானும் யாரையாவது சோதிக்க வேணாமா."

அப்புறம்தான் கறுப்புப் பெட்டையை ஏற்றினார்கள். அதன் காதில் குத்திய பச்சை மங்கிப்போய் எழுத்துத் தெரியவில்லை. புத்தகத்தை ஓல்ட்ராய்ட் கையில் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொன்னார் மேவிஸ். புத்தகத்தில் ஒரு நகம். கார்பட் வாயில் ஒரு நகம். முதல் ஆறும் பொருந்தின. ஏழாவதில் ஓல்ட்ராய்ட் வெள்ளை என்றார். கார்பட் கறுப்பு என்றான். ஓல்ட்ராய்ட் குனிந்து தானே பார்த்தார். ஒன்பதாவதும் அப்படியே. மேவிஸ் கட்டைவிரலை நனைத்து இரண்டையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். சாயம் எதுவும் வரவில்லை. அது நாயின் பிறவி நிறம். ஓல்ட்ராய்ட் கண்ணாடியை மாட்டி ஸ்கேனர் எண்ணைப் பார்த்தார். கடைசி இலக்கம் வேறு. ஒரே ஈற்றில் பிறந்த அக்காவும் தங்கையும். தங்கையின் பேரில் அக்கா மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பிங்க் கொஞ்ச நேரம் பொருத்தமில்லாத கதைகள் சொன்னான். மேவிஸ் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், எனக்குக் கண் தெரியாது என்று எப்போது கண்டுபிடித்தாய் என்று.

"பொம்மகிட்ட டிக்கெட் கேட்டீங்கல்ல," என்றான். "எல்லாரும் சிரிச்சாங்க. நான் வீட்டுக்குப் போயி யோசிச்சேன்."

அந்தப் பொம்மைகளைப் பார்த்து இரண்டு பேர் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறோம். ஒருத்தி சும்மா இருந்தாள். ஒருவன் சும்மா இருக்கவில்லை. மேவிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று நாலாம் கூண்டைக் காலியாக விட்டு ஐந்து நாய்களை ஓடவிட்டார்கள். மேவிஸ் எங்கள் டீக்கடையில் உட்கார்ந்து, அம்மா கையால் எழுதவைத்து, மேலிடத்துக்கு ஓர் அறிக்கை சொன்னார். கிறிஸ்துமஸ் முதல் இன்றுவரை பார்வை இல்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அத்தனையும் சந்தேகத்துக்கு உரியவை. அடுத்த வரி: ஆயுள் தடை பெற்ற லென் கார்பட் இன்று திடலுக்குள் இருந்தார், உள்ளே கூப்பிட்டது நான். அம்மா பேனாவை நிறுத்தி, அந்த மனுஷன் உங்களுக்கு உதவி செய்தாரே, இதை எழுத வேண்டுமா என்று கேட்டாள். எழுது என்றார் மேவிஸ். கார்பட் பக்கத்து மேசையில் இறைச்சி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான். கிரேவி வழிந்த கையோடு எட்டிப் படித்தான்.

"என்னையும் காட்டிக் குடுக்கறீங்க."

"ஆமா. குத்தத்துல மொத ஆளு நான், ரெண்டாவது நீ. உன் ஆயுசுலயே நீ நேர்மையா ரெண்டாவது வந்தது இதுலதான்."

அவன் சிரிக்கும்போது ரொட்டி தொண்டையில் சிக்கி, அம்மா முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மேவிஸ் சிரிக்கவில்லை. அறிக்கையின் கீழே கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அம்மா விரல் வைத்துக் காட்டினாள். அந்த இடம்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு போட்டார்.

உரிமம் ஒரு வாரத்தில் போனது. அந்த இடத்துக்கு வந்தவன் ஒரு இளைஞன். கண் நன்றாகத் தெரியும், நகத்தைப் பார்ப்பதில்லை. டிவி கம்பெனி செவ்வாய்க்கிழமைகளை மட்டும் விட்டுவைத்து வியாழனை எடுத்துக்கொண்டது. பார்வையாளர் பகுதிக்குக் கயிறு கட்டிப் பூட்டிவிட்டார்கள். டிக்கெட் கட்டை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். மேவிஸுக்கு ஜூலையில் ஒரு கண்ணில் அறுவைச் சிகிச்சை. கட்டுப் பிரித்ததும் நர்ஸின் பெயர் அட்டையை வாங்கி, படமும் ஆளும் ஒன்றா என்று பார்த்தாராம்.

திடலுக்குப் பின்னால் ரயில் பாதைக்கு மேலே நடைபாலம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மூன்றாவது, நாலாவது திருப்பங்கள் தெரியும். செவ்வாய் பதினோரு மணிக்குக் கார்பட் அதன் இந்தக் கோடியில் நிற்கிறான். பாலத்துக்குத் தடை இல்லை. மேவிஸ் அந்தக் கோடியில் நிற்கிறார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். அந்த ஆள் ஏதாவது செய்கிறானா என்று ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்றார். மழை பெய்தால் குடையோடு போகிறார். போன வாரம் பார்த்தேன், பெரிய குடை வாங்கியிருக்கிறார். அதன் கீழே, பாலத்தின் நடுவில்தான் நின்றார்கள். அப்போதும் இரண்டு பேரும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.